தலைமை ஆசிரியர் போட்ட பந்தயம்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் எழுதியது)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி யூனியன் செயலாளர் மூன்று தடவை என் ரூமுக்கு நடந்து விட்டார். யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுது, ஆனால் காமராஜரும் அப்துல் கலாமும் ஏற்கெனவே வேறு ஆட்கள் எடுத்து விட்டார்கள் என்றார். சரி, வெளிநாட்டுக்காரர் ஒருவரை எழுதுவோம் என்று லைப்ரரிக்குப் போனேன். அங்கே அட்டை கிழிந்துபோன ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடியின் வாழ்க்கை. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு அத்தியாயம் வந்தது பாருங்கள், அதைப் படித்த அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸுக்குக் கூடப் போகவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கென்னடி என்றதும் நமக்கு என்ன தெரியும்? கார்ல போகும்போது சுட்டுக் கொன்னுட்டாங்க, நிலாவுக்கு ஆள் அனுப்பணும்னு சொன்னவர். இவ்வளவுதான் எனக்கும் தெரியும். அந்த அத்தியாயம் இது ரெண்டைப் பற்றியும் இல்லை. அவர் ஹாஸ்டலில் படித்த காலத்தில் தலைமை ஆசிரியர் அவருடைய அப்பாவுக்கு எழுதிய கடிதங்களும், அப்பா திரும்ப எழுதிய கடிதங்களும் பற்றியது. அதைச் சொல்வதற்கு முன் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1917-ம் ஆண்டு மே 29-ம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரை ஒட்டிய புரூக்லைன் என்ற ஊரில் ஜான் பிறந்தார். வீட்டில் ஜாக் என்று கூப்பிடுவார்கள். ஒன்பது பிள்ளைகளில் இரண்டாவது. (பையனாக இருந்த காலத்தை எழுதும்போது அவன் இவன் என்றுதான் எழுதப் போகிறேன், மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்கக் கூடாது.) முப்பாட்டன் பேட்ரிக் கென்னடி அயர்லாந்தில் பஞ்சம் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறி வந்தவர். பாஸ்டனில் பீப்பாய் செய்யும் தொழில் பார்த்தார். நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால் கார்ப்பென்ட்ரி. அவர் மகன் சாராயக் கடை வைத்து, அரசியலில் நுழைந்து கொஞ்சம் நிமிர்ந்தார். பேரன்தான் ஜோசப் கென்னடி, நம்ம ஜாக்கின் அப்பா. ஹார்வர்டில் படித்து, பேங்க், ஷேர் மார்க்கெட், சினிமா என்று கை வைத்த இடமெல்லாம் பணமாக்கிய மனுஷன். ஆனாலும் ஐரிஷ்காரர், அதிலும் கத்தோலிக்கர் என்பதால் பாஸ்டனில் பரம்பரைப் பணக்காரர்கள் அவரைச் சரிசமமாக உட்கார வைக்கவில்லை. அந்த வலி அவருக்குக் கடைசி வரைக்கும் இருந்தது. அதனால்தான் பிள்ளைகள் எதிலும் முதலாவதாக வர வேண்டும் என்று விரட்டினார். இரண்டாவது இடம் என்பது அந்த வீட்டில் தோல்விதான்.

மூத்த பிள்ளை ஜோ ஜூனியர் அப்பா நினைத்த மாதிரியே வளர்ந்தான். உடம்பு, படிப்பு, விளையாட்டு எல்லாமே கச்சிதம். கனெக்டிகட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்ற ஊரில் சோட் என்று ஒரு பள்ளிக்கூடம். பெரிய இடத்துப் பையன்கள் தங்கிப் படிக்கும் இடம். ஜோ அங்கே படித்து 1933-ல் வெளியே வரும்போது, படிப்பும் விளையாட்டும் சேர்ந்து சிறந்தவனுக்குக் கொடுக்கும் ஹார்வர்டு கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தான்.

ஜாக் அதே பள்ளிக்கு 1931-ல் போனான். நண்பர்களே, அண்ணன் படித்த ஸ்கூலில் தம்பி படிப்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். எந்த வாத்தியாரும் முதலில் கேட்பது அண்ணனைப் பற்றித்தான். இவன் ஒல்லிக்குச்சி. குழந்தையிலேயே ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து பிழைத்தவன். சோட்டில் பாதி நாள் பள்ளி மருத்துவ விடுதியில்தான் படுத்திருப்பான். தலைமை ஆசிரியரின் மனைவி கிளாரா அம்மையார் இவன் உடம்பு நிலவரத்தை ஜாக்கின் அம்மா ரோஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார். 1934 ஆரம்பத்தில் ரொம்ப மோசமாகி நியூ ஹேவன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று கூட டாக்டர்கள் பயந்தார்கள். பள்ளித் தேவாலயத்தில் அவனுக்காகப் பிரார்த்தனை நடந்தது. அதே ஆண்டு கோடையில் மின்னசோட்டாவில் உள்ள மேயோ கிளினிக்கில் வாரக்கணக்கில் வைத்துப் பரிசோதனை செய்தார்கள்.

உடம்புதான் இப்படி என்றால் படிப்பு? லத்தீனும் பிரெஞ்சும் அவனுக்கு வேப்பங்காய். சரித்திரமும் இங்கிலீஷும் மட்டும் பிடிக்கும். பள்ளிக்கூடத்துப் பையன் தன் பேரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வரவழைத்துத் தினமும் படித்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மார்க்கில் அதெல்லாம் வராதே! விடுதிப் பொறுப்பாசிரியர்கள் எழுதிய ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன. கடைசி நிமிஷத்தில்தான் படிக்கிறான், எங்கேயும் நேரத்துக்கு வருவதில்லை, தன் சாமான் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது, இந்த ரீதியில் போகும். நம்ம பி-பிளாக் ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு இந்த ரிப்போர்ட் பொருந்தும். ஆள் பெயர் சொல்ல மாட்டேன்.

தலைமை ஆசிரியர் பெயர் ஜார்ஜ் செயின்ட் ஜான். 1908 முதல் 1947 வரை முப்பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஆனால் பெற்றோருக்குக் கடிதம் எழுதுவதில் சோம்பல் கிடையாது.

1933 நவம்பர் மாதம். மூத்தவன் பட்டம் வாங்கிக்கொண்டு போய் விட்டான். அப்பா ஜோசப் பள்ளிக்கு வந்து ஜாக்கைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். போனவர் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். பையனைப் பார்த்து மனசே சரியில்லை, பொறுப்பு என்பது அவனிடம் துளியும் இல்லை, எதிலும் ஒட்டாமல் சிரித்துக்கொண்டே திரிகிறான், இப்படியே போனால் எதிர்காலம் நன்றாக இருக்காது என்று கவலைப்பட்டு எழுதினார். கோடீஸ்வரர் எழுதிய கடிதம்தான். ஆனால் படித்தால் எந்த ஊர் அப்பாவும் டீக்கடையில் உட்கார்ந்து புலம்புகிற புலம்பல் மாதிரியே இருக்கிறது.

இதற்குத் தலைமை ஆசிரியர் என்ன பதில் எழுதியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஆமாம் சார், உங்கள் பையன் உருப்பட மாட்டான், கூட்டிக்கொண்டு போங்கள் என்றா? நானும் அப்படித்தான் எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பினேன். இல்லை. ஒரு வாரத்துக்குள் பதில் போட்டார். ஜாக்கைப் பற்றித் தனக்குப் பெரிய கவலை எதுவும் இல்லை என்றார். பழகப் பழக அவன்மேல் நம்பிக்கை கூடிக்கொண்டுதான் போகிறது என்றார். அவன் மூளை தனி ரகம், அண்ணனை வண்டியில் பூட்டுகிற மாதிரி இவனைச் சுலபமாகப் பூட்ட முடியாது என்ற அர்த்தத்தில் எழுதினார். நம்ம ஊர்ப் பக்கம் சொல்வதென்றால், பெரியது பழகின மாடு, சின்னது மூக்கணாங்கயிறு போடவிடாத காளை. ஆனால் அந்தக் கேலியும் கிண்டலும் எங்கே பேசலாம் எங்கே பேசக்கூடாது என்று அவன் கற்றுக்கொண்டு விட்டால், இப்போது குறையாகத் தெரிவதே நாளைக்கு அவனுக்குப் பலமாகி விடும் என்றும் எழுதினார். அதோடு விடவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்குள் மூத்தவனை நினைத்துப் பெருமைப்படுகிற அளவுக்கு இவனை நினைத்தும் நீங்கள் பெருமைப்படுவீர்கள், பந்தயம் கட்டத் தயார் என்று எழுதினார்!

ஒரு வாத்தியார் பிள்ளைமேல் பந்தயம் கட்டுகிறார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பந்தயத்தில் ஜெயித்தாரா என்றால், அதுதான் வேடிக்கை. பதினைந்து மாசத்தில் அவரே ஜாக்கைப் பள்ளியை விட்டு அனுப்பும் நிலைமைக்கு வந்து விட்டார்.

நடுவில் நடந்ததை முதலில் சொல்கிறேன். 1934 டிசம்பரில் ஜாக் அப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டான். தானும் சிநேகிதன் லெம் பில்லிங்ஸும் உட்கார்ந்து பேசியதாகவும், படிக்காமல் ஏமாற்றிக்கொண்டிருப்பதை இனி நிறுத்தப் போவதாகவும் தானாகவே ஒப்புக்கொண்டு எழுதினான். (இந்த லெம் ஒரு வருஷம் சீனியர். ஜாக்குடன் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காகவே கடைசி வகுப்பை இன்னொரு தடவை படித்தவர். அரியர் வைத்து ஒரு வருஷம் கூடுதலாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அரியரே இல்லாமல் இருந்தவர் இவர் ஒருவர்தான்! கடைசி வரை கென்னடிக்கு நெருங்கிய சிநேகிதர்.) அந்தக் கடிதத்துக்கு அப்பா எழுதிய பதில் இருக்கிறதே, அதை நான் நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். உன்னை நச்சரிக்கிற அப்பாவாக இருக்க எனக்கு இஷ்டமில்லை, நீ மனசு திறந்து எழுதியது எனக்குச் சந்தோஷம், நீ பெரிய மேதையாக வராவிட்டால் எனக்கு ஏமாற்றம் ஒன்றும் இல்லை, நல்லது கெட்டது புரிந்த, நாட்டுக்குப் பிரயோஜனமான மனுஷனாக வர உன்னால் முடியும், சின்ன வயசில் அஸ்திவாரத்தை விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம், இதுதான் விஷயம். முதலாவது இடம்தான் வேணும் என்று விரட்டுகிற அப்பா இவர்தானா என்று இருந்தது.

ஆனால் பையன் திருந்தினானா? ஊஹூம்!

தலைமை ஆசிரியர் தேவாலயப் பிரசங்கத்தில் ஒழுங்கீனமான பையன்களைத் திட்டும்போது மக்கர் என்று ஒரு வார்த்தை சொல்வார். பள்ளியின் பெயரைக் கெடுக்கிற உதவாக்கரைகள் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். பாஸ்டனில் ஐரிஷ் கூலியாட்களைக் கேவலமாகச் சொல்லவும் அந்த வார்த்தை இருந்ததாம். ஜாக் என்ன செய்தான் என்றால், திட்டின வார்த்தையையே பெயராக வைத்து மக்கர்ஸ் கிளப் என்று ஒரு சங்கம் ஆரம்பித்து விட்டான்! பதிமூன்று பேர் உறுப்பினர்கள். தங்கத்தில் சின்னதாக மண்வெட்டி மாதிரி ஒரு சின்னம் செய்து மாட்டிக்கொண்டார்கள். தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஜாக்கும் லெம்மும் இருக்கிற ரூமில் கூட்டம். பள்ளி விழாவில் நடன நிகழ்ச்சி நடக்கும் மண்டபத்தில் சாணிக் குவியலைக் கொண்டுவந்து போட்டு, கையில் மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொள்வது என்றெல்லாம் திட்டம் போட்டார்கள்.

விஷயம் தலைமை ஆசிரியர் காதுக்குப் போனது. மனுஷன் கொதித்து விட்டார். பதிமூன்று பேரையும் வெளியே அனுப்பி விடுவேன் என்றார். 1935 பிப்ரவரியில் ஜோசப் கென்னடிக்கு உடனே புறப்பட்டு வரச் சொல்லித் தந்தி அடித்தார்.

அப்போது ஜோசப் யார் தெரியுமா? அமெரிக்க ஷேர் மார்க்கெட்டைக் கட்டுப்படுத்துவதற்காக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் புதிதாக உண்டாக்கிய ஆணையத்தின் முதல் தலைவர். தலைக்கு மேல் வேலை. ஆள் அனுப்பியிருக்கலாம், போனில் பேசி முடித்திருக்கலாம். ஆனால் வாஷிங்டனில் இருந்து நேரில் வந்தார்.

தலைமை ஆசிரியர் அறையில் மூன்று பேர். பையன் நடுவில். இரண்டு பெரியவர்களும் சேர்ந்து ஜாக்கைக் காய்ச்சி எடுத்தார்கள். அப்பா ஒரு இடத்தில்கூட மகனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. நடுவில் ஒரு போன் வந்ததாம். தலைமை ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், அப்பா மகன் காதோரம் குனிந்து, இந்தக் கிளப்பை நான் ஆரம்பித்திருந்தால் பெயர் வேறு எழுத்தில் தொடங்கியிருக்கும் என்று ரகசியமாகச் சொன்னாராம். அது என்ன எழுத்து என்று மலரில் எழுத முடியாது, ஹெச்.ஓ.டி. படிப்பார். இப்படி நடந்ததாக ஜாக் பிற்பாடு நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. வாத்தியார் முகத்துக்கு நேரே வாத்தியார் பக்கம், அவர் திரும்பியதும் பிள்ளை பக்கம்.

கிளப் கலைக்கப்பட்டது. யாரையும் வெளியே அனுப்பவில்லை. இதைக் கேள்விப்பட்டு வாழ்த்துத் தந்தி அடித்த தங்கை கேத்லீனுக்கு அப்பாவிடம் தனியாகத் திட்டு விழுந்தது. ஜாக்கை ஒரு மனோதத்துவ நிபுணரிடமும் அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அண்ணனோடு இருக்கிற போட்டிதான், ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததால் ஓட்டப்பந்தயத்தை விட்டே விலகி நிற்கிறான் என்கிற மாதிரி அவர் சொன்னார். 1935-ல் ஜாக் பள்ளியை முடித்தபோது 112 பேரில் 64-வது ஆள். அதே வகுப்பு, வாழ்க்கையில் பெரிய ஆளாக வரப்போகிறவன் யார் என்று ஓட்டுப் போட்டு ஜாக்கைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஓட்டு எப்படி விழுந்தது என்றால் கேன்வாஸ் பண்ணி வாங்கினதுதான்! நம்ம யூனியன் எலெக்‌ஷன் ஞாபகம் வந்தது.

இதற்குப் பிறகு உள்ள கதை எல்லாருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லி விடுகிறேன். பிரின்ஸ்டனில் சேர்ந்து உடம்பு முடியாமல் விட்டு, 1936-ல் ஹார்வர்டு போனார். 1940-ல் பட்டம். அங்கே எழுதிய ஆய்வே புத்தகமாக வந்து பெயர் வாங்கியது. அப்புறம் யுத்தம். கடற்படையில் சேர்ந்து பி.டி. 109 என்ற சின்னப் படகுக்கு கமாண்டர் ஆனார். நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்காக ஒரு தகவல்: அது மர உடம்புப் படகு, உள்ளே 12 சிலிண்டர் பேக்கார்டு பெட்ரோல் எஞ்சின் மூன்று. 1943 ஆகஸ்ட் 2-ம் தேதி இருட்டில், தண்ணீரில் தடம் தெரியக் கூடாது என்று ஒரே எஞ்சினில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது சாலமன் தீவுகள் பக்கம் ஜப்பானியப் போர்க்கப்பல் வந்து மோதி இரண்டாகப் பிளந்து விட்டது. பதிமூன்று பேரில் இரண்டு பேர் போய் விட்டார்கள். எஞ்சின் அறையில் இருந்தவருக்கு மோசமான தீக்காயம். அவருடைய லைஃப் ஜாக்கெட் வாரைத் தன் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு கென்னடி நாலு மணி நேரம் போல நீந்தி ஒரு குட்டித் தீவில் கரை சேர்த்தார். முதுகு வலிக்காரர், நோயாளி என்று பார்த்தோமே, அந்த ஆள்தான். தேங்காய் ஓட்டில் செய்தி கீறி உள்ளூர்த் தீவுவாசிகள் இரண்டு பேர் கையில் கொடுத்து அனுப்பித்தான் தப்பித்தார்கள். ஜனாதிபதி ஆன பிறகும் அந்தத் தேங்காய் ஓடு அவர் மேஜையில் இருந்தது.

அடுத்த ஆண்டு, 1944 ஆகஸ்ட் 12, அண்ணன் ஜோ ஓட்டிய வெடிமருந்து விமானம் இங்கிலாந்தில் நடுவானிலேயே வெடித்தது. இருபத்தொன்பது வயசு. அப்பா மூத்தவனுக்காகக் கட்டி வைத்திருந்த கனவு எல்லாம் 64-வது ராங்க் பையன் தலையில் வந்து இறங்கியது. 1946-ல் காங்கிரஸ் சபை உறுப்பினர், 1952-ல் செனட்டர், 1960-ல் நிக்சனை எதிர்த்து ஜனாதிபதி தேர்தல். நாடு முழுக்க விழுந்த ஓட்டில் வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். 43 வயது. அமெரிக்காவில் ஜனாதிபதியான முதல் கத்தோலிக்கர். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை விவகாரத்தில் பதிமூன்று நாள் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, குண்டு போடச் சொன்ன ராணுவ ஜெனரல்கள் பேச்சைக் கேட்காமல் கப்பல் முற்றுகையும் பேச்சுவார்த்தையுமாக முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு கியூபாவில் பன்றிகள் விரிகுடாவில் ஆட்களை இறக்கிப் பெரிய தோல்வி வாங்கியவரும் இவரேதான். அவரிடம் வேறு குறைகளும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. 1963 நவம்பர் 22, டல்லஸ். 46 வயது.

அப்பா ஜோசப் அப்போது உயிரோடு இருந்தார். ஆனால் 1961 டிசம்பரிலேயே பக்கவாதம் வந்து பேச்சுப் போய் விட்டது. அத்தனை கடிதம் எழுதிய மனுஷனால், மகன் செத்த செய்தியைக் கேட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அதே நிலைமையில் 1969 வரை இருந்தார்.

தலைமை ஆசிரியர் பற்றி ஒரு தகவல் விட்டுப் போச்சு. 1961 ஜனவரி 20-ம் தேதி பதவியேற்பு உரையில் கென்னடி சொன்ன ஒரு வரி உலகப் பிரசித்தம். நாடு எனக்கு என்ன செய்யும் என்று பார்க்காதே, நாட்டுக்கு நான் என்ன செய்வேன் என்று பார் என்ற கருத்து. செயின்ட் ஜானின் பழைய நோட்டு ஒன்றில், ஹார்வர்டு டீன் ஒருவர் முன்பு எழுதிய இதே மாதிரிக் கருத்து, நாடு என்பதற்குப் பதில் பள்ளி என்று போட்டு, இருந்ததாக 2011-ல் செய்தி வந்தது. பையன்களுக்குப் பிரசங்கம் செய்ய அவர் எழுதி வைத்தது. அங்கேயிருந்துதான் வந்தது என்று சிலரும், இல்லை என்று சிலரும் வாதம் செய்கிறார்கள். எனக்கு என்னவோ கடைசி பெஞ்சில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் காதிலும் அது விழுந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது, அன்றைக்கு ஏன் சாப்பிடப் போகவில்லை என்ற விஷயம்.

நான் பத்தாம் வகுப்பு படித்தது எங்கள் ஊரில் இருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஹாஸ்டலில் தங்கி. எங்கள் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அம்மாவும் அங்கேதான். அப்பாவுக்குக் கைநாட்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு வரை போன முதல் ஆள் நான்தான். அரைப் பரீட்சையில் கணக்கிலும் இங்கிலீஷிலும் ஃபெயில். போதாக்குறைக்கு ராத்திரி சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் போய் மாட்டிக்கொண்டேன். பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது தபால்காரர் ஒரு கவரைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். தலைமை ஆசிரியர் கடிதம். எங்கள் வீட்டுக்குப் பெயர் போட்டு வந்த முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். தங்கச்சி அப்போது ஐந்தாம் வகுப்பு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுக் கவரைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

படித்தேன். அதில் இல்லாததைப் படித்தேன். உங்கள் மகன் நன்றாகப் படிக்கிறான், ஒழுக்கமாக இருக்கிறான், இப்படியே படிக்க வையுங்கள் என்று அடித்து விட்டேன். உண்மையில் அதில் இருந்தது மார்க்கும், சுவரேறிய விஷயமும், பொங்கல் முடிந்ததும் நேரில் வந்து பார்க்கச் சொன்னதும். அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இரண்டாவது தடவை கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்துப் படித்தேன். அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா அதை மடித்து டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டோடு வைத்தார்.

பொங்கல் முடிந்து போனதும் தலைமை ஆசிரியர் அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்டார். வேலை சார் என்றேன். ஒரு வாரம் பார்த்தார். பிறகு வகுப்பில் எல்லார் முன்னாலும், பிள்ளையைப் பற்றி இவ்வளவு எழுதியும் ஒரு கார்டு போடக்கூட உங்க அப்பாவுக்கு நேரமில்லையா, அக்கறை இல்லாத அப்பா என்றார். அவர்மேல் தப்பில்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று முதல் பஸ்ஸில் வந்து நின்றிருக்கக் கூடியவர் எங்கள் அப்பா. அவரை வரவிடாமல் செய்தவன் நான். வாஷிங்டனில் இருந்து புறப்பட்டு வந்த அப்பாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஒரு வார்த்தைதான். அக்கறை இல்லாத அப்பா.

அந்தத் தலைமை ஆசிரியர் அதற்குப் பிறகு ரிட்டையர் ஆகி விட்டார். எப்படியோ பத்தாவது பாஸாகி, டிப்ளமோவில் சேர்ந்து, இதோ கடைசி வருஷம். போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது சூளையில் புதிதாக வேலைக்கு வந்த ஒருவரிடம் அப்பா என்னைக் காட்டி, ஸ்கூல்லேயே பெரிய வாத்தியார் பாராட்டிக் காயிதம் போட்ட பையன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடிதம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன். என் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அப்பா கேட்பார். அப்புறம் தங்கச்சியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். அவள் இப்போது எட்டாம் வகுப்பு. ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிப்பாள்.